டிஸ்ப்ளேயில் 8.00 கிராம்... உண்மையில் எவ்வளவு? தங்கம் நிறுக்கும் தராசைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒரு பவுன் என்றால் 8 கிராம். தராசில் 8.00 என்று வந்தால் ஒரு பவுன். இவ்வளவுதானே கணக்கு? இல்லை. ஒரே மோதிரத்தை மூன்று கடைகளில் நிறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 7.98, 8.00, 8.01 என்று மூன்று எண்கள் வரலாம். மூன்று கடைக்காரர்களும் நேர்மையானவர்களாகவே இருந்தாலும் இப்படி நடக்கும்.

செட்டிநாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நேமத்தான்பட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் கல்யாணத்துக்குக் கழுத்துரு, பெண்களுக்கு வைரத்தோடு என்று பாட்டி காலத்து நகைகள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் ஊருக்கு வரும்போதுதான் பங்கு பிரிப்பது, பழைய நகையை மாற்றுவது, காரைக்குடிக்குப் போய் அடகு வைப்பது எல்லாம் நடக்கும். "ஆச்சி நகையை முதல்ல வீட்லயே ஒரு தடவை நிறுத்துப் பாத்துருவோம்" என்று ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாக்கெட் தராசை வாங்குபவர்களும் உண்டு. அந்தத் தராசை எவ்வளவு நம்பலாம்? கடைத் தராசை எப்படிச் சரிபார்ப்பது? நகைத் தொழில் செய்பவர் என்ன தராசு வாங்க வேண்டும்?

10 மில்லிகிராம் என்றால் எவ்வளவு பணம்?

கணக்கு எளிதாக இருக்க, ஒரு கிராம் தங்கம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிகிராம் என்பது 100 ரூபாய். ஒரு மோதிரத்தில் 100 ரூபாய் வித்தியாசம் வந்தால் பலரும் "போனா போகுது" என்று விட்டுவிடுவார்கள். ஆனால் தராசு ஒரே பக்கமாகத் தவறு காட்டினால், எடை கூடக் கூட இழப்பும் கூடும். 21 பவுன் கழுத்துரு என்பது 168 கிராம். தராசில் 0.1 சதவீதப் பிழை இருந்தாலே 168 மில்லிகிராம் போய்விடும், அதாவது 1,680 ரூபாய். நாள் முழுக்க நிறுக்கும் பட்டறையில் இது என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

வைரத்தில் இன்னும் மோசம். ஒரு கேரட் 200 மில்லிகிராம். அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், அதாவது வெறும் 2 மில்லிகிராம். 50 சென்ட் கல் ஒன்றின் எடை 100 மில்லிகிராம்தான். 10 மில்லிகிராம் படியில் காட்டும் தராசில் இதை வைத்தால், ஒவ்வொரு படியும் 5 சென்ட். அந்தக் கல்லின் எடையில் பத்தில் ஒரு பங்கு அது. பழைய தோட்டில் இருக்கும் புளூ ஜாகர் கல்லைக் கழற்றி இப்படி ஒரு தராசில் நிறுத்தால், வரும் எண்ணுக்குப் பெரிய அர்த்தம் இல்லை.

தராசு காட்டும் எண் வேறு, துல்லியம் வேறு

தராசு வாங்கும்போது நடக்கும் பெரிய குழப்பமே இதுதான். '0.01 கிராம்' என்று பெட்டியில் போட்டிருந்தால், 0.01 கிராம் வரை சரியாகக் காட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, எண்படி. டிஸ்ப்ளேயில் எண் எவ்வளவு சிறிய படியில் மாறுகிறது என்பது. 0.01 கிராம் தராசில் அது 10 மில்லிகிராம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இதுதான்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறதா என்பது. அதே மோதிரத்தைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்தால் பத்து முறையும் ஒரே எண் வர வேண்டும். 8.00, 8.03, 7.98 என்று அலைந்தால் கடைசி இலக்கம் வெறும் அலங்காரம்.

மூன்றாவது, உண்மையான எடையோடு ஒத்துப்போகிறதா என்பது. பத்து முறையும் 8.05 என்று ஒரே மாதிரி காட்டி, உண்மை எடை 8.00 ஆக இருந்தால், அந்தத் தராசு பிசகாமல் தவறு செய்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க, எடை உறுதியாகத் தெரிந்த படிக்கல் ஒன்று கையில் இருக்க வேண்டும்.

தராசின் தகட்டில் என்ன பார்க்க வேண்டும்?

வியாபாரத்துக்கான தராசுகளை சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 கட்டுப்படுத்துகிறது. 2011 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இதன் விதிகளில் தராசுகள் நான்கு துல்லிய வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காய்கறிக் கடையிலும் மளிகைக் கடையிலும் பொதுவாகப் பார்ப்பது மூன்றாம் வகுப்பு. தங்கத்துக்கும் கற்களுக்கும் முதல் அல்லது இரண்டாம் வகுப்புத் தராசு வேண்டும். வகுப்பு எண் ரோமன் எழுத்தில், முட்டை வடிவக் கோட்டுக்குள் தராசின் தகட்டிலேயே இருக்கும்.

அதே தகட்டில் இன்னும் நான்கு விவரங்கள் இருக்கும். அதிகபட்ச எடை, குறைந்தபட்ச எடை, 'ஈ', 'டி'. கடைசி இரண்டும் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்கும். 'டி' என்பது டிஸ்ப்ளேயின் எண்படி. 'ஈ' என்பது முத்திரை போடும்போது சோதிக்கப்படும் படி. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், 'ஈ' பெரியதாகவும் இருக்கலாம். 'டி' 1 மில்லிகிராம், 'ஈ' 10 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், சட்டம் உறுதி தருவது 10 மில்லிகிராம் கணக்கில்தான். கடைசி இலக்கத்துக்கு அந்த உறுதி கிடையாது.

இரண்டாம் வகுப்பில் 'ஈ' 10 மில்லிகிராம் உள்ள தராசை எடுத்துக்கொள்வோம். 50 கிராம் வரை புதுத் தராசில் அனுமதிக்கப்படும் பிழை கூடுதலாகவோ குறைவாகவோ 5 மில்லிகிராம். பயன்பாட்டில் இருக்கும் தராசுக்கு இதில் இரண்டு மடங்கு, அதாவது 10 மில்லிகிராம். ஆக ஒரு கடையில் 7.99, இன்னொரு கடையில் 8.01 என்று வந்தால் இரண்டு தராசுமே சட்டத்துக்கு உட்பட்டவையாக இருக்கலாம். சண்டை போட வேண்டியதில்லை. 7.90 என்று வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

குறைந்தபட்ச எடையையும் கவனிக்க வேண்டும். 'ஈ' 10 மில்லிகிராம் என்றால், அந்த வகைத் தராசின் குறைந்தபட்ச எடை அதைப் போல 20 மடங்கு, அதாவது 200 மில்லிகிராம். அதற்குக் கீழே உள்ள பொடி மூக்குத்தியை அதில் நிறுக்கக் கூடாது. எண் வரும்தான், ஆனால் பிழையின் பங்கு அதிகமாகிவிடும்.

முத்திரை இருக்கிறதா?

தமிழ்நாட்டில் தராசுகளை முத்திரையிடும் வேலை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. இரும்புப் படிக்கல், கைத்தராசு போன்றவற்றுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுமுத்திரை. எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒரு முறை. முத்திரையில் வருடமும், எந்தக் காலாண்டு என்பதைக் குறிக்கும் ஏ, பி, சி, டி எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். சரிபார்ப்புச் சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, தராசு முத்திரை சர்டிபிகேட் எங்க இருக்கு?" என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற தயக்கம் தேவையில்லை.

பாக்கெட் தராசில் இந்த முத்திரை இருக்காது. வீட்டில் சும்மா நிறுத்துப் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். அதை வைத்து வாங்குவது, விற்பது, அடகு பிடிப்பது கூடாது.

டெல்லித் தராசு காரைக்குடியில் ஏன் குறைத்துக் காட்டும்?

பழைய இரண்டு தட்டுத் தராசு, ஒரு பக்கத்துப் பொருளை மறுபக்கத்துப் படிக்கல்லோடு ஒப்பிடுகிறது. ஊர் மாறினாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாறுவதால் பிரச்சினை இல்லை. எலெக்ட்ரானிக் தராசு அப்படி இல்லை. பொருள் எவ்வளவு விசையோடு கீழே அழுத்துகிறது என்பதை உள்ளே இருக்கும் லோடு செல் அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த விசை பூமியின் ஈர்ப்பைப் பொறுத்தது. ஈர்ப்பு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குறைவு, துருவங்களை நோக்கிப் போகப் போக அதிகம்.

டெல்லியில் சரிசெய்த தராசை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவந்தால், 8 கிராமுக்கு சுமார் 8 மில்லிகிராம் குறைத்துக் காட்டும். ஜெர்மனி போன்ற வடக்கு நாட்டில் சரிசெய்திருந்தால் குறைவு 20 மில்லிகிராமைத் தாண்டும். அதனால்தான் தராசை அது பயன்படும் ஊரிலேயே, சான்று பெற்ற படிக்கல் வைத்து 'கேலிப்ரேட்' செய்ய வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கிப் பெட்டியைப் பிரித்த உடனே நகையை வைப்பவர்கள் தவறவிடும் முதல் படி இதுதான்.

அந்த 'ஜிஎன்' என்ன?

பாக்கெட் தராசில் அலகு மாற்றும் பட்டன் ஒன்று இருக்கும். அழுத்தினால் கிராம், அவுன்ஸ், கேரட், 'ஜிஎன்' என்று ஓடும். ஜிஎன் என்பது கிரெயின். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம். நம் ஊரில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நம் தாத்தாக்கள் நிறுத்த ஒரு தோலா என்பது 180 கிரெயின்தான், அதாவது 11.66 கிராம். மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக வந்த பிறகுதான் தோலா ஒதுங்கியது. 'பவுன்' என்ற சொல்லும் பிரிட்டிஷ் தங்க நாணயத்திலிருந்து வந்தது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம். நாம் அதை 8 கிராமாக வைத்துக்கொண்டோம்.

இன்றைக்குக் கிரெயினை அதிகம் பயன்படுத்துபவர்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்ட தோட்டா உறையில் தாங்களே மருந்து நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிக்காரர்கள். அவர்களுக்கு 0.1 கிரெயின், அதாவது 6.5 மில்லிகிராம் கூட முக்கியம். மருந்து கூடினால் துப்பாக்கியே வெடிக்கலாம். அவர்களுக்கு 10 மில்லிகிராம் படித் தராசு போதாது. அதற்காகவே கிரெயின் அலகோடு தனித் தராசுகள் வந்தன. விலை குறைந்த பாக்கெட் தராசுகளிலும் அந்த அலகு தொற்றிக்கொண்டது.

நம் ஊரில் இதனால் வரும் சிக்கல் வேறு. பட்டன் தவறி அழுந்தினால் 8 கிராம் மோதிரம் கேரட்டில் 40.00 என்றும், கிரெயினில் 123.46 என்றும் காட்டும். எண்ணைப் பார்க்கும் முன் ஓரத்தில் உள்ள அலகைப் பார்ப்பது நல்லது.

மருந்து நிரப்புபவர்களும் தங்க வேலை செய்பவர்களும் ஒரே மாதிரி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எலெக்ட்ரானிக் தராசு, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றங்களை 'இது தானாக வரும் அலைவு' என்று நினைத்துத் தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும். காலித் தட்டில் அரப்பொடியைச் சிறுகச் சிறுகத் தூவினால், கொஞ்சம் விழுந்த பிறகும் 0.00 என்றே நிற்கலாம். பொடியைத் தனிக் கிண்ணத்தில் சேர்த்து, மொத்தமாக ஒரே தடவையில் வைப்பதுதான் இதற்கு வழி.

யாருக்கு எந்தத் தராசு?

*வீட்டுக்கு:* 200 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் படித் தராசு போதும். தராசை விட முக்கியம் அதோடு வாங்கும் படிக்கல். படிக்கல்லுக்கும் தரம் உண்டு. 100 கிராம் படிக்கல்லில் 'எம்1' தரம் என்றால் அனுமதிக்கப்படும் பிழை 5 மில்லிகிராம், 'எஃப்2' என்றால் 1.6, 'எஃப்1' என்றால் 0.5. வீட்டுக்கு எம்1 அல்லது எஃப்2 போதும். தராசோடு இலவசமாக வரும், தரம் எதுவும் போடாத படிக்கல்லை நம்ப வேண்டாம். சமையலறைத் தராசில் நகையை நிறுக்கவே வேண்டாம்.

*நகைப் பட்டறைக்கு:* முதல் அல்லது இரண்டாம் வகுப்பு, 1 மில்லிகிராம் படி, 200 முதல் 300 கிராம் கொள்ளளவு, காற்றுத் தடுக்கும் கண்ணாடி மூடி, மட்டம் பார்க்கும் குமிழி. தேவைக்கு மேல் பெரிய கொள்ளளவு வாங்கினால் துல்லியம் கூடாது, விலைதான் கூடும். வருடா வருடம் முத்திரைக்கான செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

*கல் வியாபாரத்துக்கு:* 1 மில்லிகிராம் படி என்பது 0.005 கேரட், அதாவது அரை சென்ட். இதற்குக் குறைந்த துல்லியத்தில் வைரம் நிறுப்பது வீண். நகையில் பதித்த கல்லை எந்தத் தராசாலும் நிறுக்க முடியாது. அளவை வைத்து மதிப்பிடத்தான் முடியும்.

நல்ல தராசும் தப்பாகக் காட்டும் நேரங்கள்

மேலே ஃபேன் சுற்றினால் 1 மில்லிகிராம் தராசில் எண் நிற்காது. தராசு மட்டமாக இல்லையென்றால் தப்பு. ஏசி அறையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டுவந்து உடனே நிறுத்தால் தப்பு. ஆன் செய்து குறைந்தது கால் மணி நேரமாவது விட்டுவிட்டு நிறுக்க வேண்டும். பேட்டரி இறங்கினாலும், பக்கத்தில் செல்போன் இருந்தாலும் எண் தள்ளாடலாம்.

கழுத்துரு போன்ற நகையில் பல உருப்படிகள் இருக்கும். ஒவ்வொன்றாக நிறுத்துக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் 5 மில்லிகிராம் வரை எண் முழுமையாக்கப்படும். 30 உருப்படி என்றால் மோசமான நிலையில் 150 மில்லிகிராம் வரை போகலாம். நடைமுறையில் கூடுதலும் குறைவும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் இவ்வளவு ஆகாது. ஆனாலும் மொத்தமாக ஒரு தடவை நிறுத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. கோத்திருக்கும் கயிறு, உள்ளே இருக்கும் அரக்கு, அழுக்கு எல்லாம் எடையில் சேரும் என்பதையும் மறக்கக் கூடாது.

வீட்டிலேயே 5 நிமிடச் சோதனை

1. தராசை மட்டமான கல் தரையிலோ கனமான மேசையிலோ வைத்து, ஃபேனை நிறுத்தி, கால் மணி நேரம் விடுங்கள்.

2. ஒரே பொருளைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்து எண்களை எழுதுங்கள். ஒரு படிக்கு மேல் அலைந்தால் அந்தத் தராசு தங்கத்துக்கு ஆகாது.

3. அதே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வையுங்கள். இடம் மாறினால் எடை மாறக் கூடாது.

4. படிக்கல்லை வைத்துப் பாருங்கள். விலகினால் கேலிப்ரேட் செய்யுங்கள்.

5. படிக்கல் இல்லாதவர்கள், 2011-இல் வந்த வரிசையின் தேயாத 5 ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்க்கலாம். அதன் எடை 6.00 கிராம். நாணயம் தேயும், தயாரிப்பிலும் சிறு வித்தியாசம் உண்டு என்பதால் இது தோராயச் சோதனைதான். 5.70 என்று காட்டினால் தராசைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

தராசு மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. நகை வாங்கும்போது உண்மையில் பெரிய பணம் போகும் இடம் தராசு இல்லை. ஒரு பவுனுக்கு 10 சதவீதம் சேதாரம் என்றால் அது 800 மில்லிகிராம். முத்திரை போட்ட தராசில் வரக்கூடிய 10 மில்லிகிராம் பிழையைப் போல 80 மடங்கு. பழைய நகையை மாற்றும்போது 'கல்லு, அரக்கு, அழுக்கு' என்று கழிப்பதும் இப்படித்தான். எதற்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எழுத்தில் வாங்குவது, மில்லிகிராம் கணக்கை விட அதிகப் பணத்தைக் காப்பாற்றும்.

ஹால்மார்க் தூய்மைக்கான உறுதிதான், எடைக்கானது அல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் விற்பனைக்கு ஆறு இலக்க எச்யுஐடி எண் கட்டாயம். இதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். ஹால்மார்க் நகையின் பில்லில் தங்கத்தின் நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனியாக இருக்க வேண்டும்.

அடகு வைப்பவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளின்படி, வங்கியோ நிதி நிறுவனமோ நகையை மதிப்பிடும்போது கடன் வாங்குபவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். மொத்த எடை, நிகர எடை, தூய்மை, கல்லுக்கும் மற்றவற்றுக்கும் கழித்தது எவ்வளவு என்று எழுதிய சான்றும் தர வேண்டும். 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லா நிறுவனங்களும் இதற்கு மாற வேண்டும் என்பது கெடு. தனியார் அடகுக் கடைகள் இந்த விதிக்குள் வராது. அவை 1943-ஆம் ஆண்டின் அடகு பிடிப்போர் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே வைக்கும்போது எடையைச் சீட்டில் எழுதி வாங்குவதும், நகையைத் தராசில் இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்வதும் நல்லது.

எடையில் சந்தேகம் வந்தால் முதலில் கடையிலேயே தட்டைக் காலி செய்து, பூஜ்யம் காட்டச் சொல்லி, மறுபடி நிறுக்கச் சொல்லலாம். கடையில் படிக்கல் இருந்தால் அதை வைத்துக் காட்டச் சொல்லலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால், தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் செய்யலாம். புகாருக்குப் பில், நிறுத்த தேதி, தராசில் தெரிந்த எண் ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும்.